மாணவர் விலைப் பெட்டி

ஆடி மாதச் சாரலில், காந்திபுரத்திலிருந்து வடவள்ளி போகிற டவுன் பஸ்ஸின் நடுவில் நின்றபடி, கண்டக்டர் மாசாணம் ஒரு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார்.

அந்த வீடு எங்கேயும் இல்லை. இல்லாததால்தான் அவ்வளவு சுத்தமாக இருந்தது. வாசற்கதவு தொடாமலே திறந்தது. உள்ளே கூடம். தரையில் ஜன்னல் வெயில் நாலு கட்டமாக விழுந்து, நகராமல் கிடந்தது. இடதுபுறம் சமையலறை, அதில் கரி இல்லை, புகை இல்லை, கேஸ் தீர்ந்துபோன பேச்சு இல்லை. மாடிப்படி ஏறினால் முழங்கால் முனகவில்லை. மேலே போய் எட்டிப் பார்த்தால், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் யாரும் குடியேறாத ஆகாயம் வெளிர்நீலமாகக் கிடந்தது.

"ஏப்பா மாசாணம், விசிலு ஊதறயா, இல்ல நானே எறங்கி வந்து ஊதிப்போட்டுப் போகட்டா?" என்று டிரைவர் சென்னகிருஷ்ணன் கண்ணாடி வழியாகக் கேட்டார்.

லாலி ரோடு ஸ்டாப்பில் வண்டி நின்று அரை நிமிஷம் ஆகியிருந்தது. ஏற வேண்டியவர்கள் ஏறி, இறங்க வேண்டியவர்கள் இறங்கி, பஸ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"ரைட், ரைட்," என்று மாசாணம் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

அந்த வீட்டை அவர் முதலில் பார்த்தது போன மாதம், கிராஸ்கட் ரோட்டில் சுந்தரராஜுலு நடத்தும் கம்ப்யூட்டர் கடையில். மகள் கிருபா கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பெண்கள் பாலிடெக்னிக்கில் அவளுக்குக் கட்டட வரைகலை, கடைசி வருஷம். கடையில் வேலை செய்யும் அன்புக்கரசி அம்புக்குறி போட்ட பொத்தானை அழுத்த அழுத்த, திரையில் வீடு திறந்துகொண்டே போனது. "கட்டறதுக்கு முன்னாலயே உள்ள போய்ப் பாத்துக்கலாமுங்க," என்றாள் அவள். மாசாணம் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அந்த மென்பொருளைச் செய்கிற அமெரிக்கக் கம்பெனியின் பெங்களூர் ஆபீஸ், மாணவர்களுக்கென்று ஒரு போட்டி அறிவித்திருந்தது. சின்ன இடத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு வரைய வேண்டும். தேர்வாகிற பத்துப் பேருக்கு பெங்களூரில் ஆறு மாதம் சம்பளத்தோடு பயிற்சி. வடவள்ளி தாண்டி மாசாணத்துக்கு மூன்று சென்ட் இடம் இருந்தது. அதில் நாலு எல்லைக்கல்லும் நிறையத் தும்பைச் செடியும் இருந்தன. கிருபா அதைக் கயிறு பிடித்து அளந்து, பாலிடெக்னிக் கம்ப்யூட்டரில் ஒரு வீடு வரைந்து, ஃபிளாப்பியில் பதிந்து வைத்திருந்தாள். எல்லாம் முடிந்தது. ஒன்று மட்டும் இடித்தது. விண்ணப்பிக்கிறவர் தன் பெயரில் மென்பொருள் வாங்கியிருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பதிவு எண்ணை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். சனிக்கிழமைத் தபாலில் அது போகாவிட்டால் பெங்களூர் இல்லை.

இந்த நிபந்தனையைக் கேட்டு கிருபாவின் வகுப்பே சிரித்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோயமுத்தூரில் மென்பொருளை விலை கொடுத்து வாங்கியவர்கள் யாரென்று கேட்டால், யாரோ ஒரு மில் முதலாளி வாங்கியதாகக் கேள்வி என்பார்கள். அதுவும் ஜெர்மனிக்காரன் ஒருவன் மில்லைப் பார்க்க வந்ததால். மற்றபடி கம்ப்யூட்டர் வாங்கினால் உலகத்திலுள்ள எல்லா மென்பொருளையும் கடைக்காரரே உள்ளே போட்டுக் கொடுத்துவிடுவார், காய் வாங்கினால் கறிவேப்பிலை போடுகிற மாதிரி. பாலிடெக்னிக்கில் இருந்ததும் கறிவேப்பிலைதான். கறிவேப்பிலைக்கு ஏது பதிவு எண்?

முழு விலைக்கு வாங்குவதென்றால் ஒரு புல்லட் வண்டி வாங்கலாம். மாணவர் விலை என்று ஒன்று இருந்தது; அது ஒரு நல்ல சைக்கிளோடு முடிந்துவிடும்.

"அது மாணவர்களுக்கு மட்டுமாமுங்கப்பா," என்றாள் கிருபா.

மாசாணம் சிரித்தார். யார் மாணவர், யார் மாணவர் இல்லை என்று தீர்ப்புச் சொல்வது பத்தொன்பது வருஷமாக அவர் பதவி. பஸ் பாஸை வாங்கி, போட்டோவைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, தேதியைப் பார்த்துத் திருப்பித் தருவதற்குள் அவர் முகத்தில் ஹைகோர்ட்டு வந்து போகும். பாஸை மறந்து வந்தவன் முதல் ரேங்க் வாங்கினாலும் அவர் வண்டியில் மாணவன் இல்லை. பாஸ் இருந்தால் நரைத்த மீசையும் மாணவன்தான். சட்டம் படிக்கிற பெரியவர் ஒருவர் பாஸில் வருவார், பக்கத்தில் அவர் மகன் முழு டிக்கெட் எடுத்துக்கொண்டு. மாசாணம் இருவருக்கும் ஒரே மாதிரி விறைப்பாக நிற்பார். சட்டையில் குத்துகிற பித்தளை வில்லையைவிட இந்த அதிகாரத்தைத்தான் அவர் தினமும் காலையில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உன்னைய மாணவின்னு சொல்றதுக்கு என்னையவிட ஆரு கண்ணு வேணும்?" என்றார்.

புதன்கிழமை அவருக்கு விடுப்பு. கிருபாவுக்கு வகுப்பு. ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு தனியாகவே கடைக்குப் போனார். கிராஸ்கட் ரோடு முழுக்க ஆடித் தள்ளுபடித் துணிப் பலகைகள் சாரலில் நனைந்து, எழுத்துச் சாயம் ஒழுகிக்கொண்டிருந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று கடை வாசலில் தொங்கிய சேலைகளுக்குள் புகுந்துகொள்ள, ஆளில்லாத சேலைகள் நடக்கத் தொடங்கியிருந்தன. அவற்றோடு மாசாணமும் மிதந்தபடி போனார்.

சுந்தரராஜுலுவின் நாற்காலிக்கு மேல் ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது. பெங்களூர் ஓட்டலில் டை கட்டிக்கொண்டு அவர் யாரோ ஒரு வெள்ளைக்காரரிடம் கை குலுக்கும் படம். கீழே 'கல்வித் துறைக்கான அங்கீகாரம் பெற்ற பங்காளர்' என்ற பட்டயம். அந்தப் பட்டயத்தோடு கம்பெனி கொடுத்தது மாணவர் விலைப் பெட்டி ஒன்று. இரண்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை. அதனால் அது வெங்கடாசலபதி படத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு, பாதி தெய்வமாகிவிட்டிருந்தது.

"அந்தப் பொட்டி வேணுமுங்க," என்றார் மாசாணம்.

சுந்தரராஜுலு மேலே பார்த்தார். சாமி படத்தைக் கேட்கிறாரோ என்று ஒரு கணம் திகைத்தார்.

"அதுவா? அது எதுக்குப்பா உனக்கு? வீட்ல கம்ப்யூட்டர் இருக்குதா?"

"இல்லைங்க."

"கம்ப்யூட்டர் இல்லாம சாஃப்ட்வேர் வாங்கி?"

"பாஸ் எடுக்கறவங்க பஸ்ஸா வாங்கறாங்க, சார்?"

அன்புக்கரசி குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடினாள். சிரித்து முடித்த பிறகு நிமிர்ந்தாள்.

சுந்தரராஜுலு குரலைத் தணித்தார். "இதா பாரு. நீ நல்ல மனுசனாட்டம் தெரியற. இந்த ஊர்ல இதைக் காசு குடுத்து எவனும் வாங்கறதில்ல. அன்புக்கரசி, இவருக்கு ஒரு சீடி போட்டுக் குடும்மா. சும்மாவே கொண்டு போகட்டும்."

"டிக்கெட் இல்லாம ஏறறதுங்களே அது."

"ஊரே அப்படித்தானப்பா ஏறுது!"

"அதனாலதானுங்க செக்கர்னு ஒருத்தரைப் போட்டிருக்குது."

அங்கீகாரம் பெற்ற பங்காளருக்கு முகம் சிவந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். படத்தில் இருந்த டை இப்போது கழுத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"மாணவர் சலுகைன்னா லேசுப்பட்டதா? அதுக்கு முறை இருக்குது."

உண்மையில் அந்த முறையை அவர் படித்ததில்லை. ஆனால் இந்த நாட்டில் சலுகை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். "அன்புக்கரசி, ரிஜிஸ்டர்ல எழுதிக்க. ஒண்ணு, சாதிச் சான்று."

மாசாணம் ஜிப்பைத் திறந்து சாதிச் சான்றை எடுத்து வைத்தார்.

"ரெண்டு, வருமானச் சான்று. தாசில்தார் கையெழுத்தோட."

வைத்தார்.

"இருப்பிடச் சான்று. ரேசன் கார்டு நகல். கெஜட்டட் ஆபீசர் அட்டஸ்டேசன்."

"எத்தனை செட்டுங்க?" என்று மாசாணம் கேட்டார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அவர் குடும்பத்துக்கு எந்தக் கதவும் சும்மா திறந்ததில்லை. பள்ளிக்கூடம், ஹாஸ்டல், டிப்போ, ரேசன் கடை, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு காகிதம். ஆகவே காகிதம் கேட்கப்பட்டால் கதவு நெருங்கிவிட்டது என்றுதான் அவருக்குப் படும். சுந்தரராஜுலு கேட்கக் கேட்க அவருக்குள் அந்த ஆளில்லாத வீட்டின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. கூடம். சமையலறை. படி.

அப்போது வெளியே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. குமாரசாமி உள்ளே வந்தார். கணபதியில் பம்ப் கம்பெனி, கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு, சட்டைப் பையில் மூன்று பேனா. பேனாக்களில் ஒன்றாவது எழுதுமா என்பது யாருக்கும் தெரியாது. சுந்தரராஜுலு எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டது.

"வாங்க, வாங்க! போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே."

"அது ஒண்ணுமில்லைங்க. நம்ம ரித்திகா ஆர்க்கிடெக்சர் படிக்குதுங்கள்ல. ஏதோ போட்டியாமா, பெங்களூர்ல. ஒரிஜினல் சாஃப்ட்வேர் வேணுமுன்னு உசுரை எடுக்குது."

"மாணவர் விலையில ஒண்ணு..." என்று சுந்தரராஜுலுவின் கை பழக்க தோஷத்தில் அலமாரிப் பக்கம் போயிற்று.

குமாரசாமி மேஜைமேல் பரப்பிக் கிடந்த சான்றுகளைப் பார்த்தார். பிறகு மாசாணத்தைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏனுங்க, தள்ளுபடி போர்டு தொங்கற கடையில நாங்க துணியே எடுக்கறதில்லைங்க. சலுகையெல்லாம் அதுக்குன்னு இருக்கற சனத்துக்கு. முழு விலை எதுவோ அதைக் குடுங்க. பில்லுல என்ற பேரு பெருசா வரட்டும்."

முழு விலைப் பெட்டி உள்ளறையிலிருந்து வந்தது. மாணவர் விலைப் பெட்டியைவிட அது கொஞ்சம் தடிமன். மற்றபடி இரட்டைப் பிள்ளைகள். பில் போடும்வரை குமாரசாமிக்குப் பொழுது போகவில்லை.

"எந்த ஊருப்பா?"

"கிணத்துக்கடவுப் பக்கமுங்க."

"அட, நம்ம பக்கம். ஆரு மவன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று மாசாணத்துக்குத் தெரியும். "எங்கப்பன் பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாதுங்க. வடவள்ளி டிப்போவுல என்ற பேரு சொன்னா எல்லாருக்கும் தெரியுமுங்க," என்றார்.

குமாரசாமி அதைக் கேட்டுக்கொண்ட மாதிரியும் கேட்காத மாதிரியும் தலையாட்டி, புல்லட்டைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சுந்தரராஜுலு உட்கார்ந்தார். பெரிய வியாபாரம் முடிந்த களைப்பில் சின்ன வியாபாரம் அவருக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டதும் கேட்காததுமாக மேஜையில் ஏழு காகிதங்கள் கிடந்தன. எட்டாவது ஒன்று யோசித்தாக வேண்டும்.

"பாலிடெக்னிக் பிரின்சிபால் கடுதாசி எங்கே? இந்தப் பொண்ணு எங்க மாணவிதான், சாஃப்ட்வேரைப் படிப்புக்கு மட்டும்தான் பயன்படுத்தும், நன்னடத்தை உள்ளது. அப்படின்னு லெட்டர்ஹெட்ல."

மாசாணத்தின் ஃபைலில் அது இல்லை. படியில் ஏறிக்கொண்டிருந்த கால் அந்தரத்தில் நின்றது.

"வெள்ளிக்கெழமை கொண்டாரேனுங்க," என்றார்.

வியாழக்கிழமை முழுக்க அவர் பஸ்ஸின் ஈரக் கண்ணாடிகளுக்கு நடுவில் போய் வந்துகொண்டிருந்தார். மருதமலையை மேகம் தின்று தின்று துப்பியது. வேளாண் பல்கலைக்கழகத்து அக்ரி ஸ்டாப்பில் நனைந்த கூட்டமாகப் பிள்ளைகள் ஏறி, பாஸை நீட்டின. மாசாணம் ஒவ்வொரு போட்டோவையும் வழக்கத்தைவிட நேரம் எடுத்துப் பார்த்தார். ஸ்டாம்பு அளவுச் சதுரத்தில் ஒரு முகம், அதன்மேல் பாதி முத்திரை. இத்தனூண்டு சதுரம் இருந்தால் ஒரு ஆள் மாணவர். இது மட்டும் போதுமென்றுதானே நானும் இத்தனை வருஷம் விட்டேன், எவன்கிட்டயாவது தாசில்தாரைக் கேட்டேனா, என்று ஒரு எண்ணம் வந்தது. அது பஸ்ஸில் ஏறிய ஈசல் மாதிரி சும்மா பறந்தது. பிடிப்பதற்குள் வெளியே போய்விட்டது.

பிரின்சிபாலிடம் கடிதம் வாங்க கிருபாவுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. மென்பொருளை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று அவருக்கு விளக்குவதிலேயே ஒரு நாள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அப்பாவும் மகளும் கடையில் இருந்தார்கள். மாசாணம் பகல் டூட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடே வந்திருந்தார். கிருபாவின் கையில் நிரப்பப்பட்ட விண்ணப்பம். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி.

சுந்தரராஜுலு கடிதத்தை வாசித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தார். இனி கேட்க உலகத்தில் காகிதம் மிச்சமில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டு, முக்காலி போட்டு ஏறி, பெட்டியை இறக்கினார். பக்கத்திலிருந்த வெங்கடாசலபதியிடம் மனசுக்குள் ஏதோ சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

"பெரிய பொக்கிசம்மா இது. பாத்து வெச்சுக்கணும்," என்று பெட்டியிடம் பேசுவது போலச் சொன்னார்.

கிருபா கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து வெள்ளைக் கார் வந்து நின்றது.

குமாரசாமி இந்தத் தடவை மகளோடு வந்தார். பாலித்தீன் பை அவர் கையில் ஆடியது. பின்னால் ரித்திகா, குடைக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"சுந்தரராஜுலு, என்னங்க இது? பெங்களூருக்கு போன் போட்டா, இந்த நம்பரு செல்லாதுங்கறான்! இது கம்பெனிக்காரங்க நம்பராமா. மாணவர் விலையில வாங்கின நம்பருதான் போட்டிக்கு ஆகுமாமா. பத்து மடங்கு குடுத்து வாங்குனது செல்லாது, தள்ளுபடியில வாங்குனது செல்லுமாம். இதென்னங்க நாயம்?"

"அன்னைக்கே அவரு அதைத்தான எடுத்தாருன்னு நீங்களே சொன்னீங்க," என்றாள் ரித்திகா குடைக்குள்ளிருந்து. "நீங்கதான் பில்லுல பேரு பெருசா வேணும்னீங்க."

"நீ சும்மா இரு அம்மணி. அந்தப் பொட்டியைக் குடுங்க இப்படி."

சுந்தரராஜுலுவின் கை, கிருபாவின் கைக்கும் குமாரசாமியின் கைக்கும் நடுவில் நின்றது. பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கார் பக்கம் சாய்ந்தது.

"அதுக்குச் சான்றெல்லாம் வேணுமுங்களே, சார்," என்றாள் அன்புக்கரசி.

அவள் ரிஜிஸ்டரைப் புரட்டி, புதன்கிழமை தன் கையால் எழுதியதை ரேடியோச் செய்தி வாசிப்பது போல வாசித்தாள். "ஒன்று, சாதிச் சான்று. இரண்டு, வருமானச் சான்று, தாசில்தார் கையெழுத்துடன்..."

"வருமானச் சான்றா?" குமாரசாமி ஒரு அடி பின்னால் போனார். அவருடைய வருமானம் எவ்வளவு என்று இதுவரை எந்தத் தாசில்தாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்பதற்காக அவர் வருஷா வருஷம் ஒரு ஆடிட்டரைச் சாப்பாடு போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு எதுக்குங்க அது?"

"உங்களுக்கில்லைங்க, உங்களுக்கில்லைங்க," என்று சுந்தரராஜுலு பதறினார். "அது பொதுவா..."

"பொதுன்னா இவங்களும் வருவாங்கள்ல, சார்," என்றாள் அன்புக்கரசி, மிக மரியாதையாக.

இதற்குள் கிருபா பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டாள். இரண்டு வருஷச் சந்தனம் மொறமொறத்துக் கிடந்த இடத்துக்குக் கீழே பொடி எழுத்து. அவள் கைக்குட்டையை எடுத்து, சுந்தரராஜுலு பிடித்திருக்கும்போதே துடைத்தாள். சந்தனம் உதிர உதிர ஆங்கிலம் வெளியே வந்தது. அவள் மெதுவாக வாசித்துத் தமிழில் சொன்னாள். "அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிலையத்தின் மாணவரும் வாங்கலாம். நடப்பு வருஷ அடையாள அட்டையைக் காட்டினால் போதும். வேற எதுவும் கேக்கக் கூடாது."



மாசாணம் மேஜைமேல் கிடந்த எட்டுக் காகிதங்களைப் பார்த்தார். தாசில்தார் ஆபீஸ் வாசலில் நின்ற நாட்கள், கெஜட்டட் ஆபீசர் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்ற வெயில், எல்லாம் அங்கே அடுக்காகக் கிடந்தன. புதன்கிழமையே கிருபாவைக் கூட்டி வந்து, அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பாஸ் மாதிரி. ஒரு போட்டோ, ஒரு முகம், ஒரு தேதி. பத்தொன்பது வருஷ நீதிபதிக்குத் தன் வழக்கில் மட்டும் இது தோன்றவில்லை.

"அப்பறமென்ன?" குமாரசாமிக்கு உயிர் வந்தது. "ரித்திகா, உன்ற கார்டை எடு. இதுவும் மாணவிதானுங்களே?"

"மாணவிதானுங்க," என்றார் மாசாணம். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "ஆனாப் பொட்டி ஒண்ணுதானுங்களே. நாங்க புதங்கெழமையே ஏறிப்போட்டோமுங்க."

"இன்னொண்ணு வர பத்து நாள் ஆகுமுங்க," என்றாள் அன்புக்கரசி, யாரும் கேட்கும் முன்பே.

குமாரசாமி தன் கையிலிருந்த பையைப் பார்த்தார். யோசித்தார். வியாபாரிதான், வழி கிடைத்துவிட்டது.

"ஏனுங்க கண்டக்டரே, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க."

கொங்கு நாட்டில் நாங்கள் எல்லாருக்கும் 'ங்க' போடுவோம் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை அடித்துக்கொள்வது வழக்கம். அந்த 'எல்லாரும்' புதன்கிழமை மாசாணத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குச் சேர்த்துக்கொண்டது.

"இது முழு விலைப் பொட்டி. இதை நீங்க வெச்சுக்கங்க. அதை எனக்குக் குடுத்துருங்க. நீங்க ஒரு பைசா தர வேண்டாம். வேணுமுன்னா வித்துப்போடுங்க. ஒரு புல்லட்டு வரும், இல்லீனா ஒரு ஊட்டுக்கு அஸ்திவாரமே வரும். போட்டி வருசா வருசம் வந்துட்டுத்தான இருக்கும்?"

மாசாணம் அந்தப் பையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அது இளகியது. பாலித்தீனுக்குள்ளிருந்து செங்கல் வந்தது, மணல் வந்தது. நாலு எல்லைக்கல்லுக்கு நடுவில் தும்பைச் செடிகள் விலகிக்கொண்டன. தரைக்கு மேலே இடுப்பளவு எழும்பி நின்றது, நிஜமான, தொட்டால் கை சிராய்க்கிற சுவர். ஒரு மாதமாக அவர் நடந்துகொண்டிருந்த வீட்டுக்குக் காலில் ஒட்டுகிற மண் இருந்ததே இல்லை. இப்போது இருந்தது. அவர் சட்டம் இதைத் தடுக்கவும் இல்லை. டிக்கெட் இன்னும் கிழிக்கவில்லை. வாங்காத டிக்கெட்டை விட்டுக்கொடுப்பது குற்றம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இலவச சீடியை வேண்டாம் என்று தள்ளிய மனுஷன், கண்ணெதிரே ஈரச் சிமெண்ட் வாசனையோடு கிறங்கி நின்றார்.

சுந்தரராஜுலு அவசரமாகத் தலையாட்டினார். "நல்ல யோசனைங்க! கண்டக்டருக்கும் லாபம், எல்லாருக்கும் லாபம்."

மாசாணம் கடைசியில் மகள் பக்கம் திரும்பினார். அதைச் செய்யும்போதுதான், இதுவரை அவளை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. புதன்கிழமையும் கேட்கவில்லை. மாணவி என்று தீர்ப்புச் சொன்னதோடு சரி.

"உனக்கு என்ன கண்ணு வேணும்?"

கிருபா யோசிக்கவில்லை. யோசித்து முடித்து வெகுநாள் ஆகியிருக்கும் போல.

"அஸ்திவாரத்தை ஊடு கட்டறப்பப் போட்டுக்கலாமுங்கப்பா. நான் பெங்களூர் போகோணும்." குமாரசாமி பக்கம் திரும்பி, "நாளைக்கு மத்தியானம் தபால் போயிருமுங்க, பெரியப்பா. கோவிச்சுக்காதீங்க," என்றாள்.

பெரியப்பா என்ற சொல் அந்தக் கடையில் யார் எதிர்பார்த்த இடத்திலும் விழவில்லை. குமாரசாமி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரித்திகா குடையை மடக்கினாள்.

"என்ன வரைஞ்சிருக்கறே நீ?" என்று கிருபாவிடம் கேட்டாள்.

"மூணு சென்ட்டுல ஒரு ஊடு. மாடியில ஒரு ரூம்பு. நீங்க எவ்வளவுல?"

"நான் முப்பது சென்ட்டுல வரைஞ்சு வெச்சிருக்கறேன்," என்றாள் ரித்திகா. "சின்ன எடம்னா எவ்வளவுன்னு எங்கப்பாகிட்ட கேட்டேன்."

மாசாணம் மாணவர் விலையை எண்ணி மேஜைமேல் வைத்தார். அன்புக்கரசி பெட்டியை வாங்கி, ஒட்டியிருந்த உறையைக் கிழித்தாள். உள்ளே பதிவு எண் போட்ட அட்டை ஒன்றும் படிவம் ஒன்றும் இருந்தன. மாணவர் பெயர் என்ற கோட்டில் கிருபா எழுதினாள். அப்பா பெயரின் முதல் எழுத்து, புள்ளி, தன் பெயர். கல்வி நிலையம். வருஷம். அதன் கீழே ஒரு வாக்கியம் இருந்தது: மேற்கண்டவரை நேரில் பார்த்து, அவர் மாணவர் என உறுதி செய்கிறேன். கையெழுத்திட வேண்டியவர் அங்கீகாரம் பெற்ற பங்காளர்.

படிவம் சுந்தரராஜுலுவுக்கு முன்னால் போயிற்று. அவர் குமாரசாமியைப் பார்த்தார். குமாரசாமி சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுந்தரராஜுலு பேனாவைத் தேடினார்; கிடைக்கவில்லை. குமாரசாமி தன் பையிலிருந்த மூன்றில் ஒன்றைத் திரும்பிப் பார்க்காமலே நீட்டினார். அது எழுதியது.

"கார்டைக் காட்டு... காட்டுங்க அம்மணி," என்றார் சுந்தரராஜுலு.

கிருபா அடையாள அட்டையை நீட்டினாள். அவர் போட்டோவைப் பார்த்தார். பிறகு, நேரில் பார்த்து என்று அச்சில் இருந்ததால் வேறு வழியின்றி, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். மாசாணத்துக்கு அந்தப் பார்வை தெரிந்த பார்வை. எத்தனை நொடி ஆகுமென்றுகூடத் தெரியும். இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே ஆயிற்று. பிறகு சுந்தரராஜுலு குனிந்து, தன் முழுப் பெயரையும் எழுதினார்.

ஆடிக் காற்றின் ஈரத்தில் மை காயவில்லை. கிருபா படிவத்தை இரண்டு கையாலும் விளிம்பில் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினாள். பெட்டியோடு அன்புக்கரசியும், பையோடு குமாரசாமியும், குடையோடு ரித்திகாவும், வெறுங்கையோடு மாசாணமும், அது காய்கிற வரைக்கும் நின்றார்கள்.